செவலை அடைகாத்த பட்டம்

இந்தியத் திருநாட்டில் ஒரு மனிதனுக்கு முனைவர் பட்டம் வாங்கிக்கொடுத்த கோழி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது அடி அண்ணாமலையில், வெள்ளையம்மாள் வீட்டுக் கொல்லையில், விளிம்பு பிய்ந்த ஒரு மூங்கில் கூடையில் உட்கார்ந்திருக்கிறது. பெயர் செவலை. வேதியியலில் அதற்கு நிகரான கோழி ஆசியாவிலேயே கிடையாது. ஐரோப்பாவைப் பற்றி விசாரித்துத்தான் சொல்ல வேண்டும்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் செங்கம் சாலை முழுக்க இருக்கிறார்கள். ஆனால் "நம்பவே மாட்டேன்" என்று சபையில் எழுந்து நின்று மேசையைக் குத்தியவர் ஒரே ஒருவர்தான். அவரிடம் பிறகு வருவோம். இப்போது கலையரசன் அழுதுகொண்டிருக்கிறான்; அதைக் கவனிக்காமல் விட்டால் பாவம்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில், ஒரு கண்ணாடித் தட்டைக் கையில் ஏந்தியபடி அவன் நின்றான். தட்டு பளிங்குபோல் இருந்தது. ஒரு பொட்டுக் கறை இல்லை. அதுதான் அழுகைக்குக் காரணம்.

"ஒரு கிருமிகூட இல்லியே" என்றான்.

போன மாதம்தான் ஆய்வுக்குச் சேர்ந்திருந்த தேவிப்ரியா கைதட்டாத குறையாகக் குதித்தாள். "சூப்பர்ணா! உங்க பச்சைப் பொடி எல்லாத்தையும் கொன்னுடுச்சு!"

"இது பச்சைப் பொடியே வைக்காத தட்டும்மா."

தேவிப்ரியா குதிப்பதை நிறுத்தினாள்.

கலையரசனின் ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். நடுவில் ஓர் உலோக அயனி உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றி ஈந்தணைவிகள் என்ற கரிமச் சேர்மங்கள் நாலா பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், கல்யாணத்தில் மாப்பிள்ளையைச் சுற்றி மச்சான்கள் நிற்பதுபோல. இந்தக் கூட்டணிக்கு அணைவுச் சேர்மம் என்று பெயர். செம்பில் செய்தால் பச்சைப் பொடி, நிக்கலில் ஆரஞ்சு, கோபால்ட்டில் பழுப்பு. தலைமுடியின் முன்பாதியை இந்தப் பொடிகளுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டான் கலையரசன்.

பொடி கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? அதற்கு, கூழ் ஊற்றி உறையவைத்த தட்டில் கிருமியைத் தடவி, பொடியில் நனைத்த சிறு காகித வில்லைகளை மேலே வைத்து, ஒரு ராத்திரி முழுக்க முப்பத்தேழு டிகிரி சூட்டில் வைக்க வேண்டும். காலையில் தட்டெல்லாம் பாலாடைபோல் கிருமி படர்ந்திருக்கும். எந்த வில்லையைச் சுற்றி வட்டமாகத் தெளிந்திருக்கிறதோ, அங்கே மருந்து ஜெயித்தது என்று பொருள். வட்டம் பெரிதானால் மருந்து பெரிது.

கலையரசனின் செம்புப் பொடி போட்ட வட்டம், கடையில் விற்கிற மருந்தின் வட்டத்தைவிடப் பெரிதாக இருந்தது. சென்னையில் ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பி வாங்கிய முடிவு அது. ஆய்வேட்டில் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தான். போட்டதுதான் வினை.

புறத்தேர்வாளர் பேராசிரியர் மாறன் அதைப் படித்துவிட்டு, நெறியாளர் சக்கரவர்த்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். மாறன் என்றால் வேதியியல் உலகம் வேட்டியைப் பிடித்துக்கொள்ளும். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று எழுதினால்கூட, "யார் பார்த்தது?" என்று ஓரத்தில் எழுதுகிறவர்.

"என்ன சார் சொன்னாரு?" என்று கலையரசன் கேட்டான்.

சக்கரவர்த்தி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "காகிதத்துல எதை வேணா எழுதலாம், நான் நம்ப மாட்டேன்னுட்டாருப்பா. வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு அன்னிக்கு, உங்க ஊர்லயே வளர்த்த தட்டு என் கண்ணு முன்னாடி இருக்கணும்கறாரு. இல்லைன்னா கையெழுத்து இல்லையாம்."

"அடுத்த மாசம் காட்டலாமே சார்?"

"உனக்கு ஏது அடுத்த மாசம்? வாங்கின நீட்டிப்பெல்லாம் வாங்கியாச்சு. வியாழக்கிழமை தப்பினா, பதிவே ரத்து. மறுபடி முதல் வகுப்புல இருந்து ஆரம்பிக்கணும்."

முதல் வகுப்பு என்பது மிகைதான். ஆனால் கலையரசனுக்கு 'அ' எழுதிய சிலேட்டே கண்முன் தெரிந்தது. வீட்டிலோ நிலைமை இன்னும் மோசம். மாப்பிள்ளை டாக்டர் ஆகிவிட்டார் என்று மாமியார் வெள்ளையம்மாள் அடி அண்ணாமலை முழுக்கச் சொல்லிவிட்டாள். முட்டிவலிக்காரர்கள் இரண்டு பேர் வந்து காலை நீட்டிவிட்டும் போய்விட்டார்கள்.

திங்கள்கிழமை தட்டுகளைத் தயார் செய்து, துறையின் மூலையில் இருந்த இன்குபேட்டருக்குள் வைத்தான். முப்பத்தேழில் நிற்க வேண்டிய அந்த இரும்புப் பெட்டி, இரவோடு இரவாக அறுபதுக்குப் போய்விட்டது. கிருமிகள் இட்லிபோல் அவிந்தன. செவ்வாய் காலை அவன் அழுததற்கு அதுதான் காரணம்.

"அந்தப் பெட்டி நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்தே அப்படித்தான்" என்றார் சக்கரவர்த்தி. "அதுக்கு முன்னாடியும் அப்படித்தானாம்."

"சார், இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"ஒருவேளை உனக்காவது வேலை செய்யும்னு பார்த்தேன்."

ஊரில் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையங்களில் கேட்டுப் பார்த்தான். "வெளிக் கிருமியை உள்ளே விடமாட்டோம்" என்று எல்லோரும் ஒரே மாதிரி கதவைச் சாத்தினார்கள். மார்கழி மாதம். மலையிலிருந்து இறங்குகிற குளிரில் கிருமி மட்டுமல்ல, கிருமியின் பேரன்கூடப் பிறக்க மாட்டான்.

யோசித்து யோசித்து, புதுத் தட்டுகளைத் தயார் செய்து வீட்டுக்கே கொண்டுபோனான். ஹாட்பாக்ஸில் அளவாகச் சுடுதண்ணீர் ஊற்றி, மேலே ஒரு தாம்பாளம் வைத்து, தட்டுகளை அடுக்கி, கம்பளியால் சுற்றி, சமையலறை அலமாரியில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தான். மாவு பொங்குகிற இடத்தில் கிருமியும் பொங்கும் என்பது கணக்கு.

"என்னங்க அது?" என்றாள் மனைவி தமிழ்செல்வி.

படித்த மனிதன் இங்கே பொய் சொல்லியிருக்க வேண்டும். கலையரசன் பதற்றத்தில் உண்மையைச் சொன்னான்.

"கிருமி."

"ஓ" என்றாள் தமிழ்செல்வி. அந்த 'ஓ'வை அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அரைமணி நேரம் கடைக்குப் போய்விட்டு வந்தான். தெருமுனையிலேயே பினாயில் வாசனை வரவேற்றது. வாசலில் பினாயில், கூடத்தில் பினாயில். சமையலறைத் தரையில் வழுக்கி விழாமல் இருக்க அவன் அலமாரியைப் பிடித்தான். அலமாரியிலும் பினாயில். தட்டுகள் கொதிநீரில் சோப்புப் போட்டுக் கழுவப்பட்டு, கவிழ்ந்தபடி மின்னிக்கொண்டிருந்தன.

"தமிழ்! என் கிருமி எங்க?"

"நீங்கதானே கிருமி இருக்குன்னு சொன்னீங்க? ஒரு பொம்பளைகிட்ட கிச்சன்ல கிருமி இருக்குன்னு சொன்னா சும்மா இருப்பாளா? இட்லி மாவைக்கூடக் கொட்டிட்டேன்."

"அது வளர வேண்டிய கிருமி!"

"நல்லா இருக்கே! வளர்க்கறதுக்கு வேற எதுவும் கிடைக்கலையா? பக்கத்து வீட்டுல கிளி வளர்க்கறாங்க."

மணி ஏழு. இன்னும் ஒரு ஜோடித் தட்டு ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியில் இருந்தது. அப்போதுதான் கல்லூரி விடுதிக்கு முட்டை போடுகிற நசீருதீன் பாய் ஞாபகம் வந்தார். கீழ்பென்னாத்தூரில் அவருக்குக் குஞ்சு பொரிக்கிற இயந்திரம் இருந்தது. தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினான். குழியில் வண்டி குதித்தபோதெல்லாம் பிள்ளைத்தாச்சிபோல் மடியை அணைத்துக்கொண்டான். எழுந்து இடம் கொடுக்க ஓர் அம்மாள் முன்வந்ததாகவும் கேள்வி. அவன்தான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தானே என்று கேட்காதீர்கள்.

நசீருதீன் பாய் இயந்திரத்தைத் தட்டிக் காட்டினார். "முப்பத்தேழரை டிகிரி, சார். ஒரு பாயிண்ட் ஜாஸ்தி கிடையாது, ஒரு பாயிண்ட் கம்மி கிடையாது. என்ன முட்டை கொண்டாந்தீங்க?"

"முட்டை இல்ல பாய். கொஞ்சம் சின்னது."

"காடையா?"

"அதைவிடச் சின்னது."

"சிட்டுக்குருவியா? அது வனத்துறை கேஸு ஆயிடும் சார்."

"அதெல்லாம் இல்ல பாய், படிப்பு சம்பந்தப்பட்டது. தட்டைக் கவுத்து வெச்சிடுங்க. அதுமேல எதுவும் படக்கூடாது. காலையில வந்து வாங்கிக்கறேன். என் உயிரே இதுலதான் இருக்கு."

பாய் தட்டுகளை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பார்த்தார். "சார் பொருளு என் பொருளு. கவலையே படாதீங்க."

புதன்கிழமை காலை முதல் பேருந்தில் போய் நின்றான் கலையரசன். பாய் சிரித்த முகத்தோடு தட்டுகளை எடுத்துக் கொடுத்தார். கவிழ்க்கச் சொன்னவை மல்லாந்திருந்தன. அது போகட்டும். தட்டுகள் பளிங்குபோல் இருந்தன.

கலையரசன் ஒரு தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "பாய்... ராத்திரி என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேனா? சார் பொருளாச்சேன்னு ஸ்பெஷலா ஃபார்மலின் புகை போட்டேன்! மத்தவங்க முட்டைக்கு ஒருவாட்டி, உங்களுக்கு ரெண்டுவாட்டி. ஒரு கிருமி எட்டிப் பார்க்காது."

"கிருமியைத்தான் பாய் நான் வளர்க்கவே கொண்டாந்தேன்!"

நசீருதீன் பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி அவனைப் பார்த்தார். "உலகமே கிருமியை ஒழிக்குது. நீங்க வளர்க்கறீங்க. சரி, வளர்த்து?"

"கொல்லணும்."

"சோறு போட்டு, சூடு காட்டி, வளர்த்து, கொல்றீங்க?"

"ஆமா பாய்."

பாய் தலையாட்டினார். "நம்ம பிராய்லர் தொழில்தான்."

கலையரசன் முட்டைத் தட்டுகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். நல்லவேளை, காலித் தட்டுகள். நாளை வியாழக்கிழமை. மிச்சம் இருப்பது ஒரே ராத்திரி. பாயின் இயந்திரத்தில் இன்னும் ஒரு வாரத்துக்குப் புகை வாசனை போகாதாம்.

அவன் முகத்தைப் பார்த்து பாயின் மனம் கரைந்தது. "சார், ஒண்ணு சொல்லட்டுமா? இந்த மெஷினு நேத்து வந்தது. இது வர்றதுக்கு முன்னாடி உலகத்துல குஞ்சே பொரிக்கலையா? இதே சூட்டை, கரண்ட்டு இல்லாம, புகை இல்லாம குடுக்கறவ ஒருத்தி இருக்கா."

"யாரு?"

"அடைக்கோழி."

சிரிக்க வேண்டிய இடம்தான். கலையரசன் சிரிக்கவில்லை. கழுத்துவரை தண்ணீரில் இருப்பவன் எந்தக் கட்டையையும் பிடிப்பான். இங்கே கட்டைக்குச் சிறகு இருந்தது, அவ்வளவுதான். தமிழ்செல்விக்குப் போன் போட்டான்.

"உங்க அம்மா வீட்டுல அடைக்கோழி இருக்குதா?"

"இருக்குதுங்க, செவலை. போன வாரம்தான் உட்கார்ந்துது. ஏன், சூப்பு வேணுமா?"

"வேணாம். பட்டம் வேணும்."

பகலெல்லாம் தேவிப்ரியாவோடு சேர்ந்து கடைசிக் கிருமியைத் தடவி, கடைசி வில்லைகளை வைத்தான். மூன்று தட்டுகள். ஓரம் சுற்றி நாடா ஒட்டினான்.

"அண்ணா, கோழிக்கு ஏதாவது ஆயிடப்போகுது" என்றாள் தேவிப்ரியா.

"கோழி குடல்ல குடியிருக்கறதே இந்த வகைக் கிருமிதாம்மா. இதுக்குப் பொறந்த வீட்டுக்குப் போறமாதிரி."

அவன் தட்டுகளை ஒயர்கூடையில் வைத்து, மேலே துண்டு போட்டு மூடிக்கொண்டு கிளம்பியபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் வண்டி கிடையாது. நடந்தே போக வேண்டும், லட்சம் பேருக்கு நடுவில்.

கூடையை மார்போடு அணைத்து, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று பதறிக்கொண்டு போனவனை ஜனங்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். பௌர்ணமி அன்று கூடையை மூடிக்கொண்டு ஓடுகிறவன் அன்னதானக்காரனாகத்தான் இருக்க வேண்டும். முதலில் ஒருவர் பின்னால் வந்தார். பிறகு ஒரு குடும்பம். அவன் நின்றால் அவர்களும் நின்றார்கள், நடந்தால் நடந்தார்கள். அடி அண்ணாமலையை நெருங்கும்போது பின்னால் இருந்த வரிசை மலையைச் சுற்றி வந்து அவனுக்கே எதிரில் முடிந்தது என்று சொல்கிறார்கள். நான் பாதியாகக் குறைத்துச் சொல்கிறேன்.

"என்ன குடுக்கறாங்க?"

"தெரியலைங்க. வரிசை பெருசா இருக்குது, நல்லதாத்தான் இருக்கும்."

"ஐயா, புளிசாதமா, தயிர்சாதமா?"

"ஒண்ணுமில்லைங்க, ஆளை விடுங்க!" என்று கும்பிட்டான் கலையரசன்.

"குடுக்க மனசில்லாதவன் எதுக்குய்யா கூடையைத் தூக்கற?" என்று வரிசை அவனைத் திட்டிக்கொண்டே கலைந்தது.

மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றபோது சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும். வெள்ளையம்மாள் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாப்ள. இன்னா இப்படி வேர்த்துக் கெடக்குது?"

"அத்தை, ஒரு உதவி..." ஒரு முனைவர் பட்ட ஆய்வாளன் மாமியாரிடம் கேட்கிற கேள்வியா இது? "அது வந்து... படிப்பு விஷயம்... இந்தச் செவலை இருக்குதில்ல... அதுக்கு அடியில..."

வெள்ளையம்மாள் துண்டை விலக்கிக் கூடைக்குள் பார்த்தாள்.

"எத்தினி தட்டு?"

"மூணு, அத்தை."

"ம்" என்று எழுந்தாள். கொல்லைக்குப் போனாள். செவலையின் அடியில் இருந்த முட்டைகளை எடுத்து வேறொரு கூடையில் வைத்து, பழைய சேலையால் போர்த்தினாள். பிறகு தட்டுகளை வாங்கி, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைக்கோல்மேல் பரப்பினாள். கவிழ்க்கச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த கலையரசன், திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டான்.

"தூக்கி வைங்க மாப்ள."

அவன் செவலையைத் தூக்கினான். கோழியையே தூக்கி அறியாத கை. செவலை அவன் கட்டைவிரல் அடியில் ஒரு கொத்துக் கொத்தியது. ரத்தம் வந்தது.

"ஐயோ!"

"அவ கொத்தினா ஆழமாத்தான் கொத்துவா. பரம்பரை அப்பிடி" என்று பெருமையாகச் சொன்னாள் வெள்ளையம்மாள். செவலை தட்டுகளைப் பார்த்தது. அவனைப் பார்த்தது. பிறகு சிறகை விரித்து, மகாராணி சிம்மாசனத்தில் அமர்வதுபோல் உட்கார்ந்துகொண்டது.

"எழுந்துடாதில்ல, அத்தை? சூடு போதுமா? மூணு தட்டுக்கும் சரிசமமா உட்காருமா? நான் இங்கியே நின்னு..."

"நீங்க நின்னு மொறைச்சிகினு இருந்தாதான் அவ எழுந்துப்பா. படிச்சவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான். கோழிய நம்ப மாட்டீங்க. போயி சோறு துன்னுட்டுத் தூங்குங்க."

தூக்கமா? கலையரசன் புரண்ட புரளலில் கட்டில் கால் தேய்ந்தது.

வியாழன் விடிந்தது. செவலையைத் தூக்கி, முதல் தட்டைத் திருப்பினான். பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். தட்டெல்லாம் பாலாடை படிந்தாற்போல் கிருமி! செழிப்பான, ஆரோக்கியமான, குண்டுக் கிருமி! நடுவில், செம்பு வில்லையைச் சுற்றி, பௌர்ணமி நிலாவையே வெட்டிவைத்ததுபோல் ஒரு வட்டம். மருந்துக்கடை மருந்தின் வட்டம் அதற்குத் தம்பி மாதிரி பக்கத்தில் இருந்தது. மற்ற இரண்டு தட்டும் அதே.

கிருமியைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்டவன் மனித வரலாற்றிலேயே கலையரசன்தான். செவலையின் காலில் விழப் போனான். அது மறுபடி கொத்த வந்ததால் நின்றபடியே கும்பிட்டான்.

வாய்மொழித் தேர்வு என்பது எங்கள் ஊரில் பாதி கல்யாணம். வேட்பாளரின் சொந்தபந்தம் எல்லாம் வந்து பின்வரிசையில் உட்காரும். தமிழ்செல்வி பட்டுப்புடவையில் வந்திருந்தாள். நசீருதீன் பாய் அத்தர் பூசிக்கொண்டு வந்திருந்தார். வெள்ளையம்மாள் முதல் முறையாகக் கல்லூரிக்குள் கால் வைத்திருந்தாள். தேவிப்ரியா பிஸ்கட் தட்டோடு ஓடிக்கொண்டிருந்தாள்.

பேராசிரியர் மாறன் உள்ளே வந்தார். மின்விசிறிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டன. சக்கரவர்த்தி வரவேற்புரையில், இந்தக் கல்லூரியின் மண்ணிலேயே படித்து உலகப் புகழ் பெற்றவர், வேதியியலின் இமயம், அணைவுச் சேர்மங்களின் அண்ணாமலை என்று மாலை மாலையாகப் போட்டார். மாறன் எதையும் நம்பாத முகத்தோடு கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இவரு பேரு இன்னா?" என்று பின்வரிசையில் வெள்ளையம்மாள் மகளை இடித்தாள்.

"சும்மா இரும்மா. பெரிய புரொபசரு."

"தட்டு" என்றார் மாறன்.

கலையரசன் மூன்று தட்டுகளையும் வைத்தான். மாறன் பையிலிருந்து சொந்த அளவுகோலை எடுத்தார். கல்லூரி அளவுகோலை அவர் நம்புவதில்லை. செம்பு வட்டத்தை அளந்தார். மருந்து வட்டத்தை அளந்தார். மறுபடி செம்பு.

"பெருசாத்தான் இருக்கு" என்றார்.

சக்கரவர்த்தி கண்ணை மூடிச் சாமி கும்பிட்டார். கலையரசன் ஒரு வாரத்தில் முதல் முறையாக மூச்சை முழுசாக இழுத்தான். இழுத்த மூச்சு வெளியே வருவதற்குள், மாறன் இரண்டு விரலால் தட்டின் ஓரத்து நாடாவிலிருந்து எதையோ உருவி எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார்.

செந்நிறத்தில் ஒரு சின்ன இறகு.

"இது என்ன?"

"அது... காத்துல... ஜன்னல்..."

"எந்த இன்குபேட்டர்ல வெச்சீங்க?"

பொய் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. துறை இன்குபேட்டர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவன் கண் பின்வரிசைக்குப் போனது. பட்டுப்புடவை, அத்தர், பிஸ்கட். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரல் அடியில் காயம் விண்விண் என்று தெறித்தது.

"கோழி, சார்."

பிஸ்கட் கடிக்கிற சத்தம் நின்றது.

"என்னது?"

"அடைக்கோழி, சார். ராத்திரி முழுக்க அதுதான்..."

மாறனின் கையிலிருந்து அளவுகோல் விழுந்தது. "யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"நசீருதீன் பாய்தான் சார் யோசனை சொன்னாரு."

"யார் அந்த பாய்? அவருக்கு எப்படித் தெரியும்?" மாறன் குரல் கீச்சிட்டது. "கோழி எங்க இருக்கு? எந்த ஊரு?"

"அடி அண்ணாமலை, சார்."

மாறனின் முகம் செம்புப் பச்சையிலிருந்து நிக்கல் ஆரஞ்சுக்குப் போய், கோபால்ட் பழுப்பில் நின்றது. தண்ணீர் டம்ளரை எடுத்தார். பாதி டையில் கொட்டிற்று. பிறகு எழுந்து மேசையை ஓங்கிக் குத்தினார். தட்டுகள் துள்ளின.

"நடக்காத விஷயம்! கோழிக்கு அடியில தட்டு வெச்சு எவனும் பட்டம் வாங்கினது கிடையாது! இந்த ஊர்லயும் கிடையாது, உலகத்துல எங்கயும் கிடையாது! நம்பவே மாட்டேன்! யாரு சொன்னாலும் நம்ப மாட்டேன்!"

சக்கரவர்த்தி நாற்காலியில் பாதி உயரத்துக்குச் சரிந்தார். கலையரசனுக்கு மறுபடி அந்தச் சிலேட்டு தெரிந்தது. தமிழ்செல்வியின் கண்ணில் தண்ணீர் கட்டியது.

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"ஏம்ப்பா மாறா" என்றாள் வெள்ளையம்மாள். "இன்னாத்துக்கு இப்பிடிக் கத்தற?"

கூடமே திரும்பியது. மாறன் திரும்பவில்லை. குத்திய கை குத்திய இடத்திலேயே இருந்தது.

"குரலைக் கேட்டப்பவே நெனைச்சேன். எங்க வூட்டு மாடி ரூம்ல வாடகைக்கு இருந்து படிச்ச மாறன்தான நீ? அன்னிக்கும் இந்தக் காலேஜுப் பொட்டி கெட்டுப்போயிதான கெடந்துது? மூணு தட்டத் தூக்கிகினு, அழுதுகினே கொல்லைக்கு வந்தியே? தட்டக் கவுத்து வெக்கணும்க்கான்னு நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த? இந்தச் செவலையோட பாட்டிக்குப் பாட்டிக்குப் பாட்டி, அந்த வெள்ளக் கோழி, அதுதான உன் தட்டுக்கு அடை உக்காந்துது?"

சக்கரவர்த்தி மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மாறன் அந்தச் சின்ன இறகை மெல்ல மேசைமேல் வைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். கலையரசனின் ஆய்வேட்டை இழுத்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது, அவர் கட்டைவிரல் அடியில் ஒரு பழைய தழும்பு இருப்பதைக் கலையரசன் பார்த்தான்.

மாறன் தொண்டையைச் செருமிக்கொண்டார். பின்வரிசைப் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல் ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஒரு திருத்தம் சொன்னார்.

"வெள்ளை இல்லக்கா. கறுப்பு."